வடசென்னைக் காற்றும் ஒரு வீட்டின் சர்க்கரைக் கணக்கும்

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட ஒரு குடியிருப்பிலிருந்து 43 வயதுச் சகோதரி ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

திருமணமாகி வந்த நாளிலிருந்து 19 ஆண்டுகளாக அதே தெருவில், சொந்த வீட்டில் வசிக்கிறார். பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பது தொழில். கணவருக்கு 51 வயது. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார், நாளுக்கு நான்கைந்து சிகரெட் பிடிக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. "இந்தக் காற்றைச் சுவாசிக்கிற வரைக்கும் மாத்திரை தின்று என்ன ஆகப் போகிறது, அது கிட்னியைத்தான் கெடுக்கும்" என்று நான்கு மாதங்களுக்கு முன்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். அதன்பின் எடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரி 8.4 என்று வந்திருக்கிறது. அதே நாளில் இவரும் பரிசோதித்துக்கொண்டார்: வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, மூன்று மாதச் சராசரி 6.1.

"என் பிறந்த வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. நான் ஒல்லியான உடம்பு, இனிப்புத் தொடுவதில்லை. காற்று மாசால் 22 சதவீதம் சர்க்கரை வரும் என்று செய்தியில் படித்தேன். தைத்து மடித்து வைத்த வெள்ளைச் சட்டையை இரண்டு நாள் கழித்து எடுத்தால் மடிப்பு ஓரம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. துணிக்கே இப்படி என்றால் எங்கள் உடம்புக்குள் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்கிறார். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அமோனியா கசிந்தபோது பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பி இழுத்துக்கொண்டு ஓடியதையும், அன்றிலிருந்துதான் உடம்பு கெட்டது என்று தாம் நம்புவதையும் இரண்டு பக்கங்களுக்கு விவரித்திருக்கிறார்.

அவருடைய கேள்விகள் மூன்று. வீட்டை விற்றுவிட்டு வந்தவாசிப் பக்கம் மாமியார் வசிக்கும் கிராமத்துக்குப் போய்விடலாமா? 18,000 ரூபாய்க்குக் காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றைத் தவணையில் வாங்கலாமா? காற்றால்தான் இந்த நோய் வந்தது என்று மருத்துவர் சான்றிதழ் எழுதிக் கொடுத்தால் நஷ்டஈடு கேட்க முடியுமா? கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் 15 வயது மகளைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது: "அவள் கழுத்தில்கூடப் புகைக்கரி படிந்து கறுத்துவிட்டது, கடலைமாவு போட்டுத் தேய்த்தும் போகவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சந்தேகம் வீணானதன்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாசுபட்ட காற்றை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. நான் மருத்துவ மாணவனாக இருந்த காலத்தில் நீரிழிவுக்கான காரணங்களாகப் பரம்பரை, உடல்பருமன், உழைப்பின்மை, உணவு ஆகியவற்றைத்தான் படித்தோம். காற்று அந்தப் பட்டியலிலேயே இல்லை. நீங்கள் வசிக்கும் பகுதியைப் பற்றியும் எவரும் மிகைப்படுத்திச் சொல்லத் தேவையில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009ஆம் ஆண்டு நாடு முழுவதும் மிக மோசமாக மாசுபட்டவை என்று அடையாளம் கண்ட 43 தொழிற்பகுதிகளில், உங்களுக்கு மேற்கே இருக்கும் மணலியும் ஒன்று. அனல்மின் நிலையங்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரத் தொழில், நிலக்கரி இறங்கும் துறைமுகம், ஓயாத டிரெய்லர் போக்குவரத்து எல்லாம் சில கிலோமீட்டருக்குள் நெருங்கிக் கிடக்கும் ஊர் அது.

ஆனால் உண்மையான ஒரு காரணத்திலிருந்து நீங்களும் உங்கள் கணவரும் தவறான முடிவு ஒன்றுக்கு வந்திருக்கிறீர்கள். காற்று கெட்டது என்றால் மருந்து வீண் என்பது அந்த முடிவு. கெட்ட காற்றில் வாழ வேண்டியிருப்பவருக்குத்தான் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மற்றவர்களைவிடக் கட்டுக்குள் இருந்தாக வேண்டும். ஏன் என்பதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

வெள்ளைச் சட்டையின் மடிப்பில் படிந்த கோட்டிலிருந்தே தொடங்குகிறேன். அந்தத் தூசு கண்ணுக்குத் தெரிகிறது, விரலில் ஒட்டுகிறது. அதனாலேயே அச்சம் தருகிறது. ஆயினும் அந்த அளவுள்ள துகள்களில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் பிடித்து, சளியாக வெளியே தள்ளிவிடுகின்றன. சர்க்கரை நோயோடு தொடர்புள்ளவை கண்ணுக்கே தெரியாதவை. பி.எம். 2.5 என்று சொல்லப்படும் அந்த நுண்துகள்களின் குறுக்களவு 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் கீழே. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. இவை நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போய்ச் சேர்கின்றன; அவற்றிலும் மிக நுண்ணியவை இரத்தத்திலேயே கலக்கின்றன.

காற்றறைகளில் இருக்கும் காவல் செல்கள் இந்தத் துகளை விழுங்கிச் செரிக்கப் பார்த்து, முடியாமல், அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. நாள்தோறும் சிறிதளவு, ஆண்டுக்கணக்காக. காய்ச்சலோ வலியோ இல்லாத இந்த மந்தமான அழற்சி கல்லீரலையும் தசைகளையும் கொழுப்புத் திசுவையும் எட்டும்போது, அவை இன்சுலின் சொல்வதைக் கேட்க மறுக்கத் தொடங்குகின்றன. கணையம் கூடுதலாகச் சுரந்து சில காலம் சமாளிக்கிறது. சமாளிக்க முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. அதோடு இரத்தக் குழாய்களின் உட்சுவரும் இதே அழற்சியால் பாதிக்கப்படுவதால், மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி திறக்கிறது. நீரிழிவு செய்வதும் இதையேதான். கெட்ட காற்றும் கட்டுப்படாத சர்க்கரையும் ஒரே குழாயை இரு பக்கமும் இருந்து அரிப்பதால்தான், மாத்திரையை நிறுத்திய உங்கள் கணவரைப் பற்றி எனக்குக் கவலை.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்காகச் சீன அரசு பெய்ஜிங்கில் ஆலைகளையும் வாகனங்களையும் சில வாரங்கள் கட்டுப்படுத்தியது. அப்போது ஆரோக்கியமான 125 இளைஞர்களின் இரத்தத்தைத் தொடர்ந்து பரிசோதித்தவர்கள், காற்று தெளிந்த அந்த நாள்களில் இரத்தம் உறைவதோடு தொடர்புள்ள சில பொருள்களின் அளவு இறங்கியதையும், போட்டி முடிந்து புகை திரும்பியதும் அவை மீண்டும் ஏறத் தொடங்கியதையும் கண்டார்கள். சில வாரங்கள் குறைந்தாலே உடல் அதை உணர்கிறது. "19 வருடம் சுவாசித்தாயிற்று, இனி என்ன" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மனச்சோர்வுக்கு இதுவே என் பதில்.

அமோனியா கசிந்த இரவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனம் கனத்தது. அந்த வாயு கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் எரிக்கும். அதன்பின் இருமலோ மூச்சிரைப்போ தொடர்ந்தால் நுரையீரல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆனால் ஓர் இரவு சுவாசித்த அமோனியா சர்க்கரை நோயை உண்டாக்குவதில்லை. நாற்றம் அடிக்கும் நாளை மோசமான நாளாகவும், நாற்றம் இல்லாத நாளை நல்ல நாளாகவும் நீங்கள் கணக்கிடுவதும் சரியாகாது. நாற்றம் வாயுக்களுடையது, நுண்துகளுக்கு மணமே கிடையாது.

22 சதவீதம் என்பது என்ன

நீங்கள் படித்த செய்தி நம் ஊரைப் பற்றியதே. டெல்லியிலும் சென்னையிலும் 12,000க்கும் மேற்பட்ட பெரியவர்களை 2010 முதல் 2017 வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. ஆண்டுச் சராசரி நுண்துகள் அளவு ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது, புதிதாக நீரிழிவு வரும் வாய்ப்பு 22 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கண்டுபிடிப்பு. இதை நூறு பேரில் 22 பேருக்கு வரும் என்று நீங்கள் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகளில் நூறு பேரில் பத்துப் பேருக்கு நீரிழிவு வரக்கூடிய ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே காற்று அந்த அளவுக்குக் கெட்டால் பத்து என்பது ஏறத்தாழ பன்னிரண்டாகும். ஒரு வீட்டுக்கு இது சின்ன வேறுபாடு. ஒரு மாநகரத்துக்கு மிகப் பெரியது. ஆகவே காற்றைச் சுத்தப்படுத்துவது அரசின் பொறுப்பு என்று நாம் உரத்துச் சொல்ல வேண்டும். அதே வேளையில், அந்தப் பன்னிரண்டு பேரில் காற்றால் வந்த இருவர் யார் என்று எந்தப் பரிசோதனையாலும் பிரித்துக் காட்ட இயலாது.

காற்றின் தரம் காட்டும் செயலியில் பச்சை நிறம் தெரிந்தால் நிம்மதியாக இருப்பதாகச் சொல்கிறீர்கள். நம் நாட்டின் குறியீட்டில் நுண்துகளின் 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராம் வரை 'திருப்திகரம்' என்று வெளிர்பச்சையில் காட்டப்படும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வரம்போ நாளுக்கு 15, ஆண்டுச் சராசரிக்கு 5 மட்டுமே. இந்தியாவின் ஆண்டு வரம்பு 40. வெளிர்பச்சை என்றால் இன்று மூச்சுத் திணறாது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் தீங்கில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் அறிக்கையைப் பற்றி

வெறும் வயிற்றில் 112, சராசரி 6.1 என்பவை நீரிழிவுக்கு முந்தைய நிலை. இன்னும் நோய் வரவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகம் என்றும், மாடிப்படி ஏறினால் களைப்பாக இருக்கிறது என்றும் வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை இருந்தால், மூன்று மாதச் சராசரி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். எனவே ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். அது 140க்குக் கீழே வந்தால் நல்லது. 140 முதல் 199 வரை முந்தைய நிலை. 200ஐத் தொட்டால் நீரிழிவு என்று கொண்டு, இன்னொரு பரிசோதனையால் உறுதி செய்வோம்.

ஒல்லியான உடம்பு என்பதும் முழு உண்மையாகத் தெரியவில்லை. எடை 54 கிலோ என்றவர், இடுப்புச் சுற்றளவு 84 சென்டிமீட்டர் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80ஐத் தாண்டினாலே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் சற்றே தள்ளியிருக்கும் இந்த உடல்வாகு தெற்காசியர்களிடம் மிகச் சாதாரணம். பிறந்த வீட்டில் யாருக்கும் கிடையாது என்கிறீர்கள்; அவர்கள் யாராவது பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்களா? ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டு. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. மேலும் நீங்கள் நாளுக்கு ஒன்பது மணி நேரம் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறீர்கள். அது மோட்டார் பொருத்திய இயந்திரம் என்பதால் கால்களுக்கு இருந்த வேலையும் போய்விட்டது. இனிப்புத் தொடாவிட்டாலும் மூன்று வேளையும் அரிசி என்று எழுதியிருக்கிறீர்கள். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, காற்று ஒரு பங்காளி. தனிக் குற்றவாளி அன்று.

இது நல்ல செய்தி என்றே சொல்வேன். ஏனெனில் மற்றப் பங்காளிகள் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளிவந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் மூன்று ஆண்டுகள் கவனிக்கப்பட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் உடலுழைப்பையும் முறையாக மாற்றியவர்களில் அது 39 சதவீதமாக இருந்தது. அவர்களும் இந்திய நகரக் காற்றைத்தான் சுவாசித்தார்கள்.

முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இயந்திரத்தை விட்டு எழுந்திருங்கள். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம், வீட்டுக்குள்ளேயே ஆனாலும் சரி, நடங்கள். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காயும் பருப்பும் சுண்டலும் வையுங்கள். மூன்று மாதங்களில் இடுப்பளவு 80ஐ நோக்கி இறங்க வேண்டும்; தராசைவிட அந்த டேப்தான் உங்களுக்குச் சரியான கருவி, அது உங்கள் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு நெடுஞ்சாலை ஓரமாக நடப்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அதிகாலைக் காற்று சுத்தமானது என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். தொழிற்பகுதியில் நிலைமை வேறு. இரவில் தரை குளிர்வதால் புகை மேலே எழாமல் தாழவே தங்கிவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் இது மிகவும் அதிகம். மேலும் இரவிலும் விடியலிலும் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும்போது, மேற்கே இருக்கும் மணலியின் புகை உங்கள் தெரு வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. பிற்பகலில் கடற்காற்று எழுந்த பிறகு அது திசை மாறுகிறது. மாலை நான்கரை மணிக்கு மேல், டிரெய்லர் சாலையை முதுகுக்குப் பின்னால் விட்டுக் கடற்கரைப் பக்கம் நடக்க முடிந்தால் அது எவ்வளவோ மேல். புகைமூட்டம் தெரியும் நாள்களிலும் போகிப் பண்டிகை, தீபாவளி நாள்களிலும் வீட்டுக்குள் நடந்தால் போதும்.

உங்கள் கணவருக்கு

இந்தப் பகுதியை அவரிடம் படித்துக் காட்டுங்கள். ஐயா, 8.4 என்ற அளவு இன்று உங்களுக்கு எந்தத் தொல்லையும் தராமல் இருக்கலாம். ஆனால் அது கண்ணின் விழித்திரையையும் பாத நரம்பையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஓசையின்றிக் கெடுத்துக்கொண்டிருக்கும் அளவு. சர்க்கரைக்குப் பரவலாகத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது தவறான செய்தி. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதன் அளவைக் குறைப்போம், சிலருக்கு நிறுத்துவோம். அதைப் பார்த்துத்தான் மருந்தே காரணம் என்ற பேச்சு கிளம்பியது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்.

வீட்டில் மீதமிருக்கும் பழைய மாத்திரை அட்டையை நீங்களாகவே மறுபடி தொடங்க வேண்டாம். இந்த வாரமே அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் ஆகியவற்றோடு கொழுப்பு, இரத்த அழுத்தம், இ.சி.ஜி., விழித்திரைப் பரிசோதனை ஆகியவற்றைக் கேளுங்கள். நீங்கள் கனரக வாகனம் ஓட்டுபவர் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில மாத்திரைகள் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும், ஸ்டீயரிங் முன்னால் அது ஆபத்து. மாதந்தோறும் மாத்திரை வாங்கப் போக நேரமில்லை என்றால், 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிவுசெய்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.

துறைமுக வாசலில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்கும் வண்டியின் டீசல் புகையை நேராகச் சுவாசிக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில் சேர்த்திருக்கிறது. வரிசை நகராதபோது எஞ்சினை அணையுங்கள். முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவசம் அணியுங்கள், கைக்குட்டையோ துணிக்கவசமோ நுண்துகளைத் தடுக்காது. ஆனால் அந்த வரிசையில் நின்றபடி கவசத்தைக் கழற்றி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தால் எல்லாம் வீண். புகைபிடிப்பவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பே 30 முதல் 40 சதவீதம் அதிகம். ஊர்க் காற்றை நீங்கள் ஒருவராக மாற்ற இயலாது, இதை இயலும்.

வீடு, கிராமம், சுத்திகரிப்பான்

மாலையில் வெளிப்புகை வராதபடி ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கொசுவர்த்தியும் சாம்பிராணியும் போட்டு "வீட்டுக்காற்றைச் சுத்தம் செய்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரிகளில் இதுவும் ஒன்று. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள் வெளியாகும் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. மூடிய அறையில், மகள் படித்துக்கொண்டிருக்கும்போது, நாள்தோறும் அது எரிகிறது. இன்றே நிறுத்துங்கள், கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள். சாம்பிராணி வழிபாட்டோடு சேர்ந்தது என்பதை அறிவேன். வாரம் ஒரு நாள், ஜன்னல்களைத் திறந்துவைத்துப் போடுங்கள். பிற்பகலில் கடற்காற்று வீசும் நேரத்தில் வீட்டைத் திறந்துவிட்டு, இரவிலும் விடியலிலும் சாலைப்பக்க ஜன்னலைச் சாத்துங்கள். தாளிக்கும்போது சமையலறைப் புகைபோக்கி விசிறி ஓடட்டும். வீட்டைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடையுங்கள்.

இவற்றைச் செய்யாமல் சுத்திகரிப்பான் வாங்குவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள கருவி, மூடிய சிறிய அறையில் நுண்துகளைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கும். 2015இல் ஷாங்காய் மாணவர்களிடம் 48 மணி நேரம் நடத்திய சோதனையில் இரத்த அழுத்தமும் அழற்சிக் குறியீடுகளும் சற்று இறங்கின. இரண்டு நாள் சோதனையை வைத்துக்கொண்டு, இது நீரிழிவைத் தடுக்கும் என்று நான் உங்களுக்கு உறுதி தர மாட்டேன். வடிகட்டியை அவ்வப்போது மாற்றும் செலவும் உண்டு. அமோனியா போன்ற வாயுக்களை ஹெப்பா பிடிக்காது. வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் கடன் வாங்கியாவது வாங்கச் சொல்வேன். உங்கள் நிலையில் அந்த 18,000 ரூபாயில் மூவருக்கும் தேவையான பரிசோதனைகளைச் செய்து, கொசுவலைகளும் முகக்கவசங்களும் வாங்கிய பிறகும் பணம் மீதமிருக்கும்.

வீட்டை விற்பதைப் பற்றி: தொழிற்பகுதியிலிருந்து விலகுவது உடலுக்கு நல்லதுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் மாமியார் விறகடுப்பில் சமைக்கிறார், சமையலறையும் கூடமும் ஒன்றே என்று எழுதியிருக்கிறீர்கள். விறகடுப்புப் புகை நிறைந்த அறையில் நுண்துகள் அளவு, மணலியின் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு ஏறிவிடும். மருமகள் என்ற முறையில் அந்த அடுப்பின் முன்னால் உட்காரப்போகிறவர் நீங்கள். கணவரோ வேலைக்காகத் துறைமுகத்திலேயே தங்க நேரிடும். மாத்திரையை நினைவூட்ட ஆள் இருக்காது. மகள் பத்தாம் வகுப்பு. எனவே மருத்துவ அவசரம் என்று சொல்லி, கிடைத்த விலைக்கு வீட்டை விற்கும் அளவுக்கு உங்கள் அறிக்கைகளில் எதுவும் இல்லை என்பது என் கருத்து. மகளின் படிப்பு முடிந்து நிதானமாக மாற முடிந்தால் மாறுங்கள். அப்போதும் புதிய வீடு பெரிய சாலையிலிருந்து சில நூறு மீட்டராவது உள்ளே தள்ளி இருக்கட்டும். வாகனப் புகையின் அடர்த்தி அந்தத் தொலைவுக்குள்ளேயே கணிசமாகக் குறைந்துவிடும். போகிற இடத்தில் எரிவாயு அடுப்பு இருப்பதை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். மாமியாருக்கு இப்போதே அதற்கு ஏற்பாடு செய்தால் அவருடைய நுரையீரலுக்கும் நல்லது.

சான்றிதழும் உரிமையும்

"காற்று மாசால் இவருக்கு நீரிழிவு வந்தது" என்று எந்த மருத்துவரும் நேர்மையாக எழுதித் தர முடியாது. ஊரளவில் நிறுவப்பட்ட தொடர்பை ஓர் ஆளின் மேல் சான்றாக ஏற்ற இயலாது. எதிர்த்தரப்பு உங்கள் கணவரின் சிகரெட்டைக் காட்டியே அதை உடைத்துவிடும். நான் எழுதித் தரக்கூடியது வேறு: எத்தனை ஆண்டுகளாக எங்கே வசிக்கிறீர்கள், என்ன தொழில், எந்த அறிகுறி எந்தத் தேதியில் தொடங்கியது, பரிசோதனை முடிவுகள் எவை என்ற விவரங்கள். உங்கள் நோயாளிக் குறிப்பில் இவற்றை எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. ஒவ்வொரு சீட்டையும் தேதி வாரியாக வையுங்கள். ஒரு தெருவில் 50 வீடுகள் இப்படிப் பதிவு வைத்திருந்தால், தனியொருவர் சான்றிதழைவிட அதற்கு வலு அதிகம்.

சட்டம் என் துறையன்று என்பதால் அடிப்படையை மட்டும் சொல்கிறேன். தூய காற்று வாழ்வுரிமையின் பகுதி என்பதை உச்ச நீதிமன்றம் 1991இலேயே ஏற்றுக்கொண்டது. மாசு குறித்த புகாரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி இழப்பீடு கோரும் மனுவைப் பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். கசிவு நடந்த இரவு மருத்துவமனையில் காட்டிய சீட்டு இருந்தால் அதைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். அது நீரிழிவைவிட நேரடியான சான்று.

மகளின் கழுத்து

ஓரத்தில் ஒரே வரியாக நீங்கள் எழுதியதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அதைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும் என்பது. கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, தோல் சற்றுத் தடித்து, வெல்வெட் துணியைத் தொடுவதுபோல் இருந்தால் அது புகைக்கரி அன்று, அழுக்கும் அன்று. பெரும்பாலும் அது உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததைத் தோல் வெளியே காட்டும் அடையாளம். கடலைமாவோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் போகாது. தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்ணாகி இன்னும் கறுக்கும். குளிக்கவில்லையா என்று அவளை யாரும் கேட்க வேண்டாம். இந்த வயதில் அந்தச் சொல் மிகவும் வலிக்கும்.

அவளுடைய உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு மூன்றையும் குறித்துக்கொண்டு, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, கல்லீரல் என்சைம்கள், தைராய்டு பார்க்க வேண்டும். மாதவிலக்கு முறையாக வருகிறதா என்று நீங்களே தனியாகக் கேட்டு வையுங்கள்; தள்ளித் தள்ளி வந்தால் சினைப்பை நீர்க்கட்டி உள்ளதா என்று பார்ப்போம். 15 வயதில் இதைக் கண்டுகொண்டால் உணவும் விளையாட்டுமே பெரும்பாலும் போதும். டியூஷனுக்காக நிறுத்திய கபடியை மறுபடி ஆட விடுங்கள். சர்க்கரை சேர்த்த குளிர்பானத்தை வீட்டுக்கு வாங்காதீர்கள். அவளுக்கு மட்டும் தனிச் சமையல் என்று பிரிக்காமல் மூவரும் ஒரே தட்டு முறைக்கு மாறுங்கள்.

மூவரின் முடிவுகளும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். உங்கள் குளுக்கோஸ் பரிசோதனையின் இரண்டு மணி நேர அளவும் ஹீமோகுளோபினும், அவர் எந்தத் தேதியில் மாத்திரையை மீண்டும் தொடங்கினார் என்பதும், மகளின் அறிக்கையும் அதில் இருக்கட்டும். எடுத்த தேதிகளை மறக்காமல் குறிப்பிடுங்கள்.